தொடக்கப் பள்ளி விளையாட்டு வேளையில் மனிதப் பண்பு: ஆட்டத்தின் விதியிலிருந்து தொடங்குங்கள்

கேட்டவர் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் இல்லாத பள்ளி. அவருடைய கேள்விகள் இரண்டு: விளையாட்டு வேளையில் அன்பு, நேர்மை, விட்டுக்கொடுத்தல் போன்ற மனிதப் பண்புகளை எப்படிக் கற்றுக்கொடுப்பது? தலைமையாசிரியர் பதிவேடு கேட்கிறார், அதில் என்ன எழுதுவது?

முதல் கேள்விக்கு என் பதில் இது. பண்புகளைத் தனிப் பாடமாக எடுக்க வேண்டாம். ஆட்டத்தை அமைக்கும் விதத்தை மாற்றுங்கள். அணியை யார் பிரிக்கிறார், முதலில் வெளியேறி உட்காருவது யார், எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நிற்கிறார்கள், தோற்ற பிள்ளையின் காதில் என்ன விழுகிறது என்பதிலிருந்துதான் பிள்ளைகள் பண்பைக் கற்கிறார்கள். "எல்லாரும் சமம்" என்று பத்து நிமிடம் பேசிவிட்டு, வேகமாக ஓடும் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு "ஆளுக்கு ஒருத்தரா எடுங்கடா" என்றால், அவர்கள் மனதில் நிற்பது அந்த இரண்டாவதுதான்.

உங்கள் நிலைமை விதிவிலக்கு இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஆனால் விளையாட்டுத் திடலும் வகுப்புக்குத் தேவையான விளையாட்டுப் பொருள்களும் எல்லாப் பள்ளிக்கும் வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருள்களுக்கு ஒதுக்கீடும் இருக்கிறது. பந்து பீரோவுக்குள்ளேயே காற்று இறங்கிக் கிடந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். தேய்ந்துபோகத்தான் அது வாங்கப்பட்டது. வகுப்பாசிரியரே விளையாட வைப்பதை நான் குறையாகவும் நினைக்கவில்லை. எந்தப் பிள்ளை காலையில் அழுதுகொண்டு வந்தது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை விசிலோடு வந்து போகிறவருக்கு அது தெரியாது.

எந்த ஆட்டத்தைச் சொல்வதற்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளையாட்டு வேளையைத் தண்டனையாக ஆக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வகுப்பிலேயே உட்கார வைப்பது, பேசியவனை "கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு" என்று விரட்டுவது, தோப்புக்கரணம் போட வைப்பது எல்லாமே நம் பள்ளிகளில் சகஜமாக நடக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. ஓடுவதைத் தண்டனையாக அனுபவித்த பிள்ளைக்கு ஓட்டம் என்றாலே கசந்துபோகும். விளையாடவிடாமல் உட்கார வைத்த பிள்ளையோ பெரும்பாலும் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைதான். நாள் முழுக்கத் தலைகுனிந்து இருந்தவனுக்குத் தலை நிமிரக் கிடைத்த ஒரே இடத்தையும் பிடுங்கிவிடுகிறோம். உடற்கல்வி எல்லோருடைய அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978லேயே தன் சாசனத்தில் எழுதிவிட்டது. கணக்கு முடியவில்லை என்று அந்த வேளையை எடுத்துக்கொள்ளும்போது அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது அணி பிரித்தல். தலைவர்கள் இருவர் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முறையில், கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று பிள்ளைகள் வகுப்பு முழுவதற்கும் முன்னால் "வேண்டாதவர்கள்" என்று நிற்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் அதே பிள்ளைகள். இதற்கு வெளிநாட்டிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, நம் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் செய்துவந்த உத்தி பிரித்தலே போதும். ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே உயரம் உள்ள இருவர் ஜோடி சேர்வார்கள். தள்ளிப் போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி வந்து "மல்லிகை வேணுமா, முல்லை வேணுமா?" என்று தலைவரைக் கேட்பார்கள். தலைவர் பூவைத்தான் கேட்கிறார். எந்தப் பூ யார் என்று அவருக்குத் தெரியாது. ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். சமமான இருவர் பிரிவதால் அணிகளின் பலமும் சரியாக வரும், யாரையும் யாரும் ஒதுக்கியதாகவும் ஆகாது.

இதில் ஒரே ஓட்டை, ஜோடி சேர்வதிலேயே யாராவது தனித்து நிற்கலாம். அதனால் உயரவாரியாக வரிசையில் நிறுத்தி அடுத்தடுத்த இருவரை நீங்களே ஜோடியாக்கிவிடுங்கள். பெயர் வைப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள், அதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

இனி "அவுட்" ஆகும் விவகாரம். ஆண்டு விழாவிலும் குழந்தைகள் தினத்திலும் தவறாமல் வருவது நாற்காலி ஆட்டம். அதை நிதானமாகக் கவனியுங்கள். முதல் சுற்றிலேயே வெளியே வருவது மெதுவாக நடக்கும் பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை, இடித்துத் தள்ளத் தயங்கும் பிள்ளை. அதாவது விளையாட்டு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. முண்டியடித்தவன் கடைசி வரை ஆடிப் பரிசும் வாங்குகிறான். அமெரிக்க உடற்கல்வியாளர் நீல் வில்லியம்ஸ் 1992ல் பள்ளிகள் கைவிட வேண்டிய ஆட்டங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். பந்தால் அடித்து வெளியேற்றும் ஆட்டத்தோடு நாற்காலி ஆட்டமும் அதில் இருந்தது.

ஆனால் அந்த ஆட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை. கூட்டுறவு ஆட்டங்களை 1970களில் பரப்பிய கனடாக்காரர் டெர்ரி ஓர்லிக் ஒரே ஒரு விதியை மாற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். மிஞ்சிய நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும். நம் பள்ளியில் அத்தனை நாற்காலிகளுக்கு எங்கே போவது? சாக்பீஸால் தரையில் வட்டங்கள் போடுங்கள். ஒரு கால் வட்டத்துக்குள் இருந்தால் போதும் என்று விதி வையுங்கள், அப்போது ஒருவர் மேல் ஒருவர் விழ வேண்டியதும் இல்லை. முப்பது பிள்ளைக்குப் பன்னிரண்டு வட்டத்தில் ஆரம்பித்து நான்கு வட்டத்துக்கு வாருங்கள். நான்காகும்போது பாருங்கள், உள்ளே நிற்பவன் வெளியே தடுமாறும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து "இங்க வா, இங்க கால வை" என்பான். உதவச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள்.

நம் ஊர் ஆட்டங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல விஷயங்கள் தெரியும். லாக் அண்ட் கீ ஆட்டத்தில் பிடிபட்ட பிள்ளை சிலையாக நிற்கும், இன்னொருவர் துணிந்து ஓடிவந்து தொட்டால் விடுதலை. கபடியில் வெளியேறிய ஆள், தன் அணி எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் மறுபடி உள்ளே வருகிறார். அதனால் வெளியே உட்கார்ந்திருப்பவருக்கும் ஆட்டத்தில் உயிர் இருக்கிறது. தெரு ஆட்டங்களில் சின்னத் தம்பி தங்கைகளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களும் ஓடலாம், தொடலாம், ஆனால் அவுட் கிடையாது. பெரிய பிள்ளைகள் தாங்களாகவே உருவாக்கிய ஏற்பாடு அது. எட்டு வயதுப் பிள்ளையை அந்தப் பெயரில் சேர்த்தால் அவமானம், ஆனால் முதல் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து ஆடும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

காத்திருப்பும் ஒரு பண்புப் பிரச்சினைதான். முப்பது பிள்ளைகள், ஒரு பந்து, முப்பது நிமிடம் என்றால் சராசரியாக ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது ஒரு நிமிடம். மீதி இருபத்தொன்பது நிமிடம் வரிசையில் நிற்கிறார்கள், கிள்ளிக்கொள்கிறார்கள், நாம் "ஒழுக்கமே இல்லை" என்று கத்துகிறோம். பழைய செய்தித்தாளைக் கசக்கிச் சணல் சுற்றினால் ஆளுக்கொரு பந்து தயார். மேல் பட்டால் வலிக்காது என்பதால் பந்துக்குப் பயப்படும் பிள்ளையும் கைநீட்டும்.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால், சாய்த்துப் பிடித்த கயிற்றைச் செய்து பாருங்கள். மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளர் 1960களில் ஆசிரியர்களுக்கு விளக்கிக் காட்டியது இது. உயரம் தாண்டுதலுக்குக் கயிற்றை நேராகப் பிடிப்போம். தாண்டியவர் அடுத்த சுற்றுக்குப் போவார், தட்டியவர் உட்காருவார், கயிறு ஏறும். கடைசியில் ஒருவர் ஆட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மாஸ்டன் கயிற்றின் ஒரு முனையைத் தரையோரமாக இறக்கினார், மறுமுனையை உயர்த்தினார், அவ்வளவுதான். இப்போது ஒரே கயிற்றில் எல்லா உயரமும் இருக்கிறது. எங்கே தாண்டுவது என்பதை அந்தந்தப் பிள்ளை முடிவு செய்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்த முனை முட்டிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். முனையைக் கம்பத்தில் கட்டாமல் இரண்டு பிள்ளைகள் விரலில் லேசாகப் பிடித்திருக்கட்டும், கால் தட்டினால் கயிறு நழுவ வேண்டும். கீழே மணலோ புழுதியோ இருக்கட்டும், சிமெண்டுத் தரை வேண்டாம். முதல் சுற்றில் முக்கால்வாசிப் பேர் தாழ்ந்த பக்கமே கூடுவார்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் ஒவ்வொருவராக நாலு விரல்கடை நகர்வார்கள். நன்றாகத் தாண்டும் பையன் ஒருவன் வேண்டுமென்றே தாழ்ந்த பக்கம் போவான், அவனையும் விடுங்கள், அடுத்த சுற்றில் அவனுக்கே அலுத்துவிடும். "நீ ஏன் அங்கேயே தாண்டற?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி கயிற்றை மறுபடி நேராக்கிவிடும். தன் அளவைத் தானே தேர்ந்து, அடுத்தவர் அளவைக் கேலி செய்யாமல், நேற்றைய தன்னை இன்று தாண்டுவது என்ற மூன்றும் ஒரே கயிற்றில் நடக்கிறது. இதே சாய்வை எறிதலுக்கும் கொண்டுபோகலாம். சுவரில் ஒரு வட்டம் வரைந்து, நிற்கும் கோட்டைக் குறுக்குச் சாய்வாகப் போடுங்கள்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் "நீ ஸ்கோர் எழுது" என்று ஓரமாக உட்கார வைப்பது நம் வழக்கம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் பிள்ளைக்கு அது விலக்கல்தான். இடத்தை, செய்யும் வேலையை, பொருளை, சேர்ந்து ஆடும் ஆட்களை என்று நான்கில் ஏதாவது ஒன்றை மாற்றினால் பெரும்பாலான ஆட்டங்களில் இடம் கிடைத்துவிடும். காது கேளாத பிள்ளைக்காக விசிலோடு கையையும் உயர்த்துங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்காகப் பந்தில் சலங்கை கட்டுங்கள். கால் இழுத்து நடக்கும் பிள்ளைக்குத் தொட்டு ஆடும் ஆட்டத்தில் களத்தைச் சுருக்குங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது காலில் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உயரம் தாண்டச் சொல்லி அவரை ஊக்கியது அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். உங்கள் வகுப்பிலிருந்து பதக்கம் வராமலே போகலாம், அதற்காக இதைச் சொல்லவில்லை. "நீயும் தாண்டிப் பாரேன்" என்று பள்ளியில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

சாதியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்தப் பதிலை முடிக்க முடியாது. "கைகோத்து வட்டமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு விரல்களைப் பாருங்கள். யாராவது பக்கத்துப் பிள்ளைக்கு உள்ளங்கையைக் கொடுக்காமல் மணிக்கட்டை மட்டும் நீட்டுகிறதா, சட்டை நுனியைப் பிடிக்கிறதா? சில சமயம் வெறும் கூச்சம்தான், பையன் பெண் என்ற கூச்சம். சில சமயம் வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியது. எட்டு வயதுப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி விசாரிக்காதீர்கள், தவறு அதன் தலையில் இல்லை. கை கோக்காமல் ஆடவே முடியாத ஆட்டங்களை அடிக்கடி வையுங்கள். பிடிபட்டவர் எல்லாம் கைகோத்துச் சங்கிலியாக ஓடிப் பிடிக்கும் ஆட்டம் அப்படிப்பட்டது. பக்கத்தில் நிற்பவர் தினமும் மாறட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிக் குழு பிரித்தால் தெருவாரியாக, உறவுவாரியாகச் சேர்ந்து நிற்பது குலையும். ஆனால் கையைப் பிடிக்க மறுக்கப்பட்ட பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்த்தால் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்கு அருகில் நீங்கள் நில்லுங்கள், முதல் கையை நீங்கள் பிடியுங்கள். மறுத்த பிள்ளையின் வீட்டாரோடு பேச்சு தனியாக நடக்கட்டும்.

அணிக்கு வண்ண ரிப்பன் கட்டுவதிலும் இங்கே கவனம் வேண்டும். 2023ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. வண்ணம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றால் ரிப்பன் ஒவ்வொரு வேளையும் கைமாறட்டும், யாருக்கும் நிரந்தர நிறம் வேண்டாம்.

சண்டை வரும். "நான் தொட்டேன்", "போங்கு, தொடவே இல்ல" என்று இருவரும் உங்களிடம் ஓடிவருவார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் தீர்ப்புச் சொன்னால் அவர்கள் கற்பது புகார் சொல்லும் திறமையை மட்டும்தான். அடி விழாத வரை, "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க, அதுவரைக்கும் ஆட்டம் நிக்கும்" என்று சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஆட்டம் தொடங்க வேண்டும் என்ற அவசரம் இருக்கும், பெரும்பாலும் சா பூ த்ரீ போட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அழும் பிள்ளையிடம் மற்றவனை இழுத்துவந்து "சாரி சொல்லு" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "அவளுக்கு இப்ப என்ன வேணும்னு கேளு" என்று அனுப்பினால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவாவது செய்வான்.

கடைசி ஐந்து நிமிடத்தை மரத்தடியில் உட்காருவதற்கு ஒதுக்குங்கள். டான் ஹெல்லிசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை வழக்கமாகவே செய்தார். மனிதநேய உடற்கல்வி என்ற தலைப்பிலேயே 1973ல் நூல் எழுதியவர், பிறகு சிகாகோவில் கடினமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளோடு வேலை செய்தவர். மற்றவர் உரிமையையும் உணர்வையும் மதிப்பது, முழு முயற்சியோடு பங்கெடுப்பது, சொல்லாமலே தன் வேலையைச் செய்வது, அடுத்தவருக்கு உதவுவது, இவற்றைக் களத்துக்கு வெளியேயும் கொண்டுபோவது என்று படிப்படியாக அவர் வகுத்தார். ஆறு முதல் பத்து வயதுக்கு முதல் இரண்டு படியே ஏராளம். "இன்னைக்கு யாராவது உனக்கு உதவி செஞ்சாங்களா?", "ஆட்டத்துல யாருக்காவது இடம் கிடைக்கலையா?" என்று கேளுங்கள். பதில் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை கட்டைவிரலை மேலே, பக்கவாட்டில், கீழே என்று காட்டினால் போதும். கீழே காட்டிய பிள்ளையிடம் அப்போதே காரணம் கேட்காதீர்கள், வகுப்புக்குத் திரும்பும் வழியில் பக்கத்தில் நடந்துகொண்டே கேளுங்கள்.

"போட்டியே இல்லாமல் வளர்த்தால் நாளைக்கு எப்படி ஜெயிப்பான்?" என்று பெற்றோர் கேட்பார்கள். நான் போட்டிக்கு எதிரி இல்லை. வயதுதான் பிரச்சினை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முயற்சி வேறு, திறமை வேறு என்பது தெளிவாகப் பிரிந்து தெரிவதில்லை, பதினொன்று பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் அது முழுமையாகப் பிடிபடுகிறது என்று ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர் 1970களின் இறுதியில் காட்டினார். கடினமாக முயன்றும் எல்லோர் முன்னாலும் கடைசியாக வந்த பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்? ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், சமநிலை என்ற அடிப்படைகள் கைகூட வேண்டிய வயதில் "எனக்கு விளையாட்டு வராது" என்று ஒதுங்கிவிட்டால், பத்தாம் வகுப்பில் எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அந்தப் பிள்ளையைத் திடலுக்கு அழைத்துவருவது கடினம். நான்காம், ஐந்தாம் வகுப்பில் கோ-கோ, கபடி ஆடட்டும், ஜெயிக்கட்டும், தோற்கட்டும். பரிசு மட்டும் முதல் மூவரோடு நிற்க வேண்டாம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். "குண்டு", "குட்டை" என்று நீங்கள் விளையாட்டாகக் கூப்பிட்டால் ஐந்தாம் வகுப்பு வரை அதுவே அந்தப் பிள்ளையின் பெயர். எடை பார்க்கும் நாளில் எண்ணைச் சத்தமாகப் படிக்காதீர்கள். பாவாடை அணியும் பெண் பிள்ளைகள் தாண்டத் தயங்கினால் உள்ளே டிரவுசர் போட்டு அனுப்பும்படி அம்மாக்களிடம் சொல்லுங்கள், தயக்கம் பாதி போய்விடும். வெயில் ஏறிய பிறகு, சாப்பாடு முடிந்த கையோடு விளையாட்டு வேளை வைப்பதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். 2023 ஆகஸ்டு முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால், வெறும் வயிறு என்ற தயக்கமின்றி முற்பகலிலேயே வைக்கலாம்.

பதிவேட்டு விஷயத்துக்கு வருகிறேன். அன்பு: அ, நேர்மை: ஆ என்று தரம் போடாதீர்கள். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் ஆசிரியர் பார்க்கும்போது மட்டும் உதவுவார்கள். ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு வேளைக்கு மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து ஆளுக்கு ஒரு வரி, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "நல்ல பிள்ளை" என்று எழுதுவதைவிட "விழுந்தவனைத் தூக்கிவிட்டுத் தன் முறையை இழந்தான்" என்று எழுதுவது மேல். முப்பது பிள்ளைகளும் பத்து வேளையில் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு பக்கம் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் அந்தப் பிள்ளை உங்கள் கண்ணுக்கே படவில்லை என்று பொருள், அடுத்த வேளை அங்கிருந்து தொடங்குங்கள். தலைமையாசிரியரிடம் அந்த நோட்டையே காட்டலாம். ஆண்டு முடிவில் நான்காம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தால், "ஜூலையில் கயிற்றின் தாழ்ந்த முனையை விட்டு நகரவில்லை, பிப்ரவரியில் நடுவுக்கு வந்தாள், வீட்டில் வேறு மொழி பேசுகிறாள், பக்கத்தில் தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளை இருந்தால் பயப்படுவதில்லை" என்ற வரியை வைத்து அவர் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்க முடியும்.